ராமேஸ்வரம் போறீங்களா? ராத்திரிப் பயணம் வேண்டாமே!

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் கைக்கு வந்ததும் திருப்பூர் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "ஏனுங்க, ராமேஸ்வரம் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" அவ்வளவுதான்! ஒன்றரை ஷிப்ட் முடித்து, எட்டரை மணிக்கு மிஷினை நிறுத்தி, அவசரமாகக் குளித்து, ஒன்பதரைக்கெல்லாம் வண்டி ஏறிவிடுவார்கள். பின் சீட்டில் சர்க்கரை மாத்திரையோடு அம்மிச்சி, மடியில் தூங்கும் பேரன். விடியற்காலை ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்தைப் பிடித்தாக வேண்டுமே! அப்புறம் 22 தீர்த்தம், தனுஷ்கோடி, மீன் சாப்பாடு... எல்லாம் ஞாயிறு மாலைக்குள் ஆச்சு. மறுபடி ராத்திரி முழுக்க ஓட்டி, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு கம்பெனி கேட்டில் ஆஜர்.

கேட்கும்போதே மூச்சு முட்டுகிறது இல்லையா?

ராமேஸ்வரம் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் போங்கள். நம் ஊரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய், பாலம் கடந்து ஒரு தீவுக்குள் நுழைந்து, நிலம் முடிகிற முனைவரை ரோட்டிலேயே போகக்கூடிய இடம் வேறு எங்கே இருக்கிறது? ஆனால் அந்தத் தீவுக்கு இரண்டு பகலும், நடுவில் ஒரு நல்ல தூக்கமும் கொடுங்கள். ஒரே ஒரு நாள் லீவு போட்டால் போதும்.

ஒரு கணக்கு!

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்தவர், ராத்திரி பதினொரு மணிக்கு ஒட்டன்சத்திரத்தை நெருங்கும்போது 17 மணி நேரம் விழித்திருக்கிறார். தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், கண் பார்த்துக் கை செயல்படும் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடுகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். அதாவது, ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷன், குடித்துவிட்டு ஓட்டுகிறவர் மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்! அவருக்கு இன்னும் அஞ்சு மணி நேரப் பயணம் பாக்கி இருக்கிறது.

விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பே தூக்கத்துக்குக் கெஞ்சும் நேரம். அந்த நேரத்தில்தான் பரமக்குடி, ராமநாதபுரம் பக்கத்து நீளமான ரோடு வரும். வளைவும் இல்லை, விளக்கும் இல்லை. கண் திறந்தபடியே இருக்கும். மூளை மட்டும் மூன்று நாலு வினாடி தூங்கிவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலு வினாடி என்பது கிட்டத்தட்ட 90 மீட்டர். முன்னால் லைட் போடாத டிராக்டர் நின்றால்...? பாட்டு போடுவது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, ஜன்னலைத் திறப்பது எதுவும் தூக்கத்தைத் துரத்தாது. காபி கொஞ்ச நேரம் ஏமாற்றும். அவ்வளவே. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்.

"வாடகை வேன்தானுங்க, டிரைவர் பார்த்துக்குவார்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த டிரைவர் அன்று காலைதான் இன்னொரு ட்ரிப் முடித்து வந்தாரா என்று கேட்டீர்களா? கூச்சப்படாமல் கேளுங்கள். "அண்ணா, நேத்து தூங்குனீங்களா?" என்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவர் ஓய்வெடுக்க லாட்ஜில் ஒரு படுக்கையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு என்பது உண்மைதான். ஆனாலும் இந்த ஒரு நாளில் கணக்குப் பார்க்காதீர்கள் என்பேன். அதைவிட நல்லது, பொங்கல் லீவில் கிளம்புவது. ஜனவரியில் வெயில் இதமாக இருக்கும். மழையும் அநேகமாக ஓய்ந்திருக்கும். தீபாவளி லீவில் போகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் புறப்படவே கூடாது. அது வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்து வருகிற சமயம்.

கிளம்பலாமா?

சனி ராத்திரி பத்து மணிக்குப் படுத்து, ஞாயிறு விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புங்கள். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக சுமார் 350 கிலோமீட்டர். நின்று நின்று போனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தீவுக்குள் இருக்கலாம்.

இரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கி ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும். இது டீ குடிக்க அல்ல, காலுக்காக! நாலு மணி நேரத்துக்கு மேல் கால் மடக்கி உட்கார்ந்து போகும் பயணத்தில், கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு இரண்டு மடங்காகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது சின்ன ஆபத்துதான். ஆனால் கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் உஷாராக இருக்க வேண்டும். நாள் முழுக்க நின்றே செக்கிங் பார்த்து, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களும்தான். ஊர் திரும்பிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"பாத்ரூம் எங்க இருக்குமோ" என்று பயந்து பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். சிறுநீர்க் கடுப்புக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிடும். சுத்தமான கழிப்பறை உள்ள ஹோட்டலாகப் பார்த்து நிறுத்துங்கள். தண்ணீரைக் குடியுங்கள்.

பரமக்குடியில் வண்டி நின்றால், நம்மவர்கள் நேரே துணிக்கடைக்குள் போய்விடுவார்கள். அது கைத்தறி ஊர். பனியன் துணியையே பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்குப் பருத்திச் சேலை ஒரு மாறுதல்தான். போகட்டும், கால் நடந்த மாதிரியும் ஆச்சு!

பாலத்தில் நிறுத்தாதீர்கள்

மண்டபம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல் விரியும். ரோட்டுப் பாலம் 1988-ல் திறந்தது. நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். பக்கத்திலேயே தண்ணீரை ஒட்டினாற்போல் ஓடுவது ரயில் பாலம். 1914-ல் கட்டிய பழைய பாலம், கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து கை தூக்கி வழி விட்டுவந்தது. அதில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகிறது. குழந்தைகளுக்கு இதைவிட வேடிக்கை வேண்டுமா?

வேடிக்கை சரி, அதற்காக ரோட்டுப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி போட்டோ எடுப்பதுதான் வேண்டாத வேலை. பின்னால் பஸ் வரும். காற்று வேறு ஆளையே தள்ளும். பாலத்தைக் கடந்து பாம்பன் கரையில் இறங்கிப் பாருங்கள். காற்றும் கிடைக்கும், நிதானமாகப் பாலமும் தெரியும். அங்கிருந்து பிரியும் ரோட்டில் குந்துகால். 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் வெளிநாட்டுப் பயணம் முடிந்து பாம்பனில் வந்து இறங்கியதற்கான நினைவு மண்டபம் அங்கே இருக்கிறது. கூட்டம் குறைவு. பெரியவர்கள் கால் நீட்டி உட்காரத் தோதான இடம்.

அடுத்தது தங்கச்சிமடம். தென்னை நிழலில் மல்லிகை நாற்றுப் போட்டு வெளியூர்களுக்கெல்லாம் அனுப்புகிற ஊர். மணல் மண்ணில் வேர் பிடித்த நாற்று, நம்ம பக்கத்து வாசல் தொட்டியிலும் பிழைத்துக்கொள்ளும். ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்களேன். பக்கத்திலேயே வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் சின்னப் பாலம் கட்டி, அதன் முனையில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர். கிணற்றில் நல்ல தண்ணீர்! நாக்கில் ஒரு சொட்டு வைத்து ஆச்சரியப்படுங்கள், பாட்டிலில் பிடித்துக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். திறந்த கிணறு, பலர் கை படும் வாளி என்பதை மறக்கக்கூடாது.

ஊருக்குள் நுழையுமுன் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். 2017 ஜூலை 27-ல் திறந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

தீர்த்தமாடும் முன்...

ஞாயிறு சாயங்காலம் கோயில் பிராகாரத்தை மட்டும் சுற்றி வாருங்கள். சுமார் 1,200 தூண்கள் நிற்கிற நெடும் பிராகாரம். மேடு பள்ளம் இல்லை, வெயில் இல்லை, வண்டி இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் சமதள நடைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ராத்திரி சீக்கிரம் படுத்தால், மறுநாள் ஐந்து மணி தரிசனத்துக்கு லாட்ஜிலிருந்து நடந்தே போகலாம்.

அதன் பிறகு அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். இங்கேதான் சர்க்கரை நோயாளிகள் ஒரு தப்பு செய்கிறார்கள். "சாமி கும்பிடற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாது" என்று விரதம். ஆனால் பழக்க தோஷத்தில் மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் போட்டுக்கொள்வார்கள். மாத்திரை சர்க்கரையை இறக்கும், வயிற்றில் ஒன்றும் இல்லை, வரிசையோ நகராது. கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டு... ஈர உடம்பில் வியர்வை தெரியாமலே போய்விடும். "பக்திப் பரவசம்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டால் ஆபத்து! உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ வாயில் போட வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "அன்னிக்குக் காலையில மாத்திரையை எப்ப போடறது?" இராமநாத சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள்.

22 கிணற்றடியிலும் தரை ஈரம். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தால் அறுபது, எழுபது வயதில் எழுந்து நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் வாளி வாளியாகத் தலையில் ஊற்றச் சொல்லாமல், கொஞ்சம் தெளித்துக்கொண்டாலும் தீர்த்தம் தீர்த்தம்தான். குளித்ததும் உடனே மாற்றிக்கொள்ள உலர்ந்த துணியைத் தயாராக வைத்திருங்கள்.

சாப்பாடு? கொங்கு நாட்டில் நமக்குத் தெரிந்தது அமராவதி அணை ஜிலேபி மீன். இங்கே கடல் மீன். செவுள் சிவப்பாக, கண் பளிச்சென்று இருந்தால் நல்ல மீன். முன்பு இறால், நண்டு சாப்பிட்டு உடம்பு தடித்தவர்கள் தீவுக்கு வந்துவிட்டோமே என்று மறுபடி சோதித்துப் பார்க்கக் கூடாது. கருவாடு மூட்டை கட்டி வருவோம் இல்லையா? அதில் உப்பு ஏராளம்; பிரஷர் உள்ளவர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்ளலாம்! பொங்கல் சமயம் என்றால் பனங்கிழங்கு கிடைக்கும், நார்ச்சத்துள்ள நல்ல தீனி. கருப்பட்டியைப் பற்றி மட்டும் ஒரு மயக்கம் இருக்கிறது. "கருப்பட்டிதானே, சர்க்கரைக்காரங்க சாப்பிடலாம்" என்பார்கள். சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

நிலம் முடிகிற இடம்

திங்கட்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடுங்கள். உச்சி வெயிலுக்கு முன் திரும்பிவிட வேண்டும். சாயங்காலம் போகலாம் என்று தள்ளிப்போட்டால், இருட்டுமுன்னே சோதனைச் சாவடியில் வண்டியைத் திருப்பிவிடுவார்கள்.

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் மணலில் ஜீப்பிலும் வேனிலும் குலுங்கிக் குலுங்கிப் போக வேண்டும். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு. வழியில் கோதண்டராமர் கோயில். அதைச் சுற்றியுள்ள தண்ணீர்ப் பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் நிற்பதைப் பார்க்கலாம். 2025-ல் இந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். ஹாரன் அடிக்காமல், தூரத்திலிருந்தே பாருங்கள்.

அப்புறம் வருவது பழைய தனுஷ்கோடி. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பல் மாறி, தலைமன்னார் போன காலம் ஒன்று இருந்தது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோய்விட்டது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. இன்று மொட்டைச் சுவர்களாக சர்ச் நிற்கிறது. சுற்றிலும் மீனவர் குடிசைகள். அங்கே சிப்பி, சங்கு விற்கும் பெண்களிடம் பேரம் பேசும்போது கொஞ்சம் தாராளமாக இருங்கள். குடிதண்ணீருக்கே பாடுபடுகிற இடம் அது.

நிழல் என்று ஒன்று அங்கே கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், தொப்பி அல்லது குடை, இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பவுடர்... இவை காரில் இருக்கட்டும். இன்சுலினை நிறுத்தின காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், வெயிலில் மருந்து வீணாகிவிடும். "வெறுங்காலோடு மணல்ல நடந்தா உடம்புக்கு நல்லது" என்று யாராவது சொல்வார்கள். காலில் உணர்ச்சி மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சூட்டு மணல் பொசுக்குவதே தெரியாது. ராத்திரி பாதத்தைப் பார்க்கும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அது புண்ணாகி, ஆறாமல்... வேண்டாம், செருப்பைக் கழற்றாதீர்கள். கோயிலில் நடந்ததற்கும் சேர்த்து அன்று ராத்திரி இரண்டு பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

அரிச்சல்முனையில் அசோகத் தூண். அதோடு ரோடு முடிகிறது. இடது பக்கம் பாக் நீரிணை, அதைப் பெண் கடல் என்பார்கள். வலது பக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண் கடல். ஒன்று குளம் மாதிரி கிடக்கும்போது இன்னொன்று புரண்டு எழும்பும். பருவக்காற்று மாறும்போது இந்தச் சுபாவமும் மாறும். அதனால் பேரை நம்பிப் பெண் கடலில் இறங்கிவிடாதீர்கள். இரண்டு கடலும் சந்திக்கும் முனையில் நீரோட்டம் காலடி மணலையே அரித்து இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அங்கே வேலை இல்லை. நாம் வாய்க்காலிலும் கிணற்றிலும் நீந்தப் பழகினவர்கள்; கடல் வேறு சமாசாரம். போட்டோவுக்காகப் பிள்ளைகளை அலையில் நிறுத்திவிட்டுப் பின்னால் நகராதீர்கள். கையைப் பிடித்தபடியே நில்லுங்கள். கடல் குளியலை அக்னி தீர்த்தத்தோடு முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

தீவில் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் ராமேஸ்வரம் அரசு ஆஸ்பத்திரி, பெரிய விஷயம் என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்த இரண்டையும் டிரைவருக்கும் சொல்லி வையுங்கள்.

மதியம் சாப்பிட்டதும் கிளம்பினால் ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு வீடு. உண்ட களைப்பில் மதியம் இரண்டு மணிக்கும் கண் சொக்கும். அப்போது மரத்தடியில் நிறுத்தி இருபது நிமிஷம் கண்ணயர்வது கேவலமில்லை.

ஊர் திரும்பிய மறுநாள்

இன்னும் ஒன்று பாக்கி. இந்தப் பக்கத்து மில்களிலும் கம்பெனிகளிலும் பஞ்சுத்தூசி நடுவே வேலை பார்க்கிற பலர், "ராமேஸ்வரத்துல இருந்த ரெண்டு நாளும் இருமலே வரலீங்க, கடல் காத்து அப்படி" என்பார்கள். கடல் காற்று சுகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் மார்புக்குள் தூசி போகவில்லை என்பதும் உண்மைதானே!

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மட்டும் கவனியுங்கள். ஷிப்ட் ஆரம்பித்துச் சில மணி நேரத்தில் மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கிறதா? மறுநாள் குறைந்து, அடுத்த லீவு முடிந்து வந்ததும் மறுபடி வருகிறதா? இது சளி அல்ல, பருத்தித் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு பிரிக்கும் இடத்திலும் கார்டிங்கிலும் இருப்பவர்களுக்கு அதிகம் வருவது. ஆரம்பத்தில் தூசியை விட்டு விலகினால் நுரையீரல் தேறிக்கொள்ளும். வருஷக்கணக்கில் அலட்சியப்படுத்தினால் மூச்சுத் திணறல் நிரந்தரமாகிவிடும். புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் மோசம்.

டாக்டரிடம் போனால் "இருமல்" என்று மட்டும் சொல்லி டானிக் வாங்கி வராதீர்கள். எந்தப் பிரிவில், எத்தனை வருஷமாக வேலை, லீவில் எப்படி இருந்தது, திரும்பிய அன்று எப்படி இருந்தது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் குழாயில் ஊத வைத்து மூச்சின் அளவைப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். இ.எஸ்.ஐ.க்குப் பொருந்தும் தொழில் நோய்ப் பட்டியலில் பிஸினோசிஸ் இருக்கிறது. எனவே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.